முப்பது நாளில் முடித்துவைத்த படிப்பு

முப்பது வேலை நாட்கள், முந்நூறு ரூபாய் உதவித்தொகை, ஒரு பிரசவப் பெட்டி, ஒரு சான்றிதழ். 1977-இல் தொடங்கிய கிராம நலவாழ்வுத் திட்டத்தில், பரம்பரை மருத்துவச்சிகளுக்கு இந்திய அரசு ஒதுக்கிய கல்வி இவ்வளவுதான். வாரத்தில் இரண்டு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாடம். மீதி நாட்களில் சுகாதாரப் பணியாளரான நர்சம்மாவோடு ஊர் ஊராகப் போக வேண்டும். அவர் பார்த்திருக்க, குறைந்தது இரண்டு பிரசவம் பார்க்க வேண்டும். ஆயிரம் பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மருத்துவச்சி என்பது இலக்கு. படிப்பு முடிந்தபின், பதிவு செய்யப்பட்ட பிரசவம் ஒன்றுக்குப் பத்து ரூபாய் தருவதாக ஏற்பாடு.

இருபது ஆண்டுகள் கழித்து இந்தத் திட்டம் பலன் தரவில்லை என்று முடிவாயிற்று. ஊர்ப் பெண்களுக்குப் பிரசவக் கல்வி கொடுப்பதே வீண் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து ஊன்றிவிட்டது. திட்டத்தின் அமைப்பில் இருந்த கோளாறு, படிக்க வந்த பெண்களின் தலையில் விழுந்தது. அதை மறுக்கவே இந்தக் கட்டுரை.

கோவையிலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலையில், மேட்டுப்பாளையம் அவிநாசி சாலை குறுக்கிடும் இடத்தில் இருக்கிறது அன்னூர். சோளமும் கொள்ளும் பருத்தியும் விளைந்த மானாவாரிப் பூமி. இங்கும் கொங்கு நாட்டின் மற்ற ஊர்களிலும் பேறுகாலம் பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் சமூகப் பெண்கள். ஆண்கள் முடி திருத்தினார்கள், பெண்கள் பிள்ளை எடுத்தார்கள். மாமியார் கை பார்த்து மருமகள் கற்றாள். கூலி, களத்துமேட்டில் அளந்து போடும் தானியம். பிள்ளை பிறந்தால் ஒரு சேலை, தேங்காய், வெற்றிலைபாக்கு. தலித் குடியிருப்புகளில் அங்குள்ள மூத்த பெண்களே இந்த வேலையைச் செய்துகொண்டார்கள். தீட்டு என்று மற்றவர்கள் ஒதுங்கிய ரத்தத்தையும் நஞ்சுக்கொடியையும் கையில் எடுத்தவளை, வேலை முடிந்ததும் திண்ணைக்கு வெளியே நிறுத்திய ஊர்கள்தான் இவை. அந்த அவமதிப்பைப் பேசாமல் மருத்துவச்சியின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

அவள் அறிவில் எது சரி, எது தவறு என்பதையும் பிரித்தே பார்க்க வேண்டும். இடுப்பு வலி எடுத்தவளைப் படுக்க வைக்காமல் நடக்க விட்டாள். உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக் குந்தி முக்கச் சொன்னாள். இரவெல்லாம் முதுகை நீவிக்கொண்டு உடனிருந்தாள். நஞ்சு விழும்வரை தொப்புள்கொடியை அறுக்க அவசரப்படவில்லை. பிரசவ வலியில் பெண் தனக்கு வசதியான நிலையில் இருக்கலாம், விருப்பமான துணையொருவர் கூட இருக்க வேண்டும், கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்கிறது. இதில் பெரும்பகுதி அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அதே கைதான் கதிர் அறுக்கும் அரிவாளால் கொடியை அறுத்தது, அறுத்த இடத்தில் சாணியோ சாம்பலோ வைத்தது. பிறந்து ஒரு வாரத்தில் பால் குடிக்க வாய் திறக்காமல், உடம்பு விறைத்து இறந்துபோன குழந்தைகளின் கதை இல்லாத பழைய குடும்பம் இருக்காது. அது இரணஜன்னி. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னதும், பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் தராமல் வைத்ததும் அந்த மரபுதான். உதிரம் நிற்காமல் போனால் அவளிடம் மருந்தில்லை, போய்ச் சேர வண்டியுமில்லை. பழையதெல்லாம் நல்லது என்று சொல்பவர்கள் இந்தக் குழந்தைகளையும் தாய்மார்களையும் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஆக, பயிற்சி தேவைப்பட்டது. பயிற்சி உருப்படியாகச் சாதித்ததும் உண்டு. சுத்தமான கை, சுத்தமான தரை, புது பிளேடு, சுத்தமான நூல், கொடியில் எதையும் வைக்காமை என்ற ஐந்து சுத்தங்களை எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் மனதில் பதித்துக்கொண்டார்கள். தாய்க்கும் சேய்க்கும் வரும் இரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. கர்ப்பிணிகளுக்குப் போட்ட தடுப்பூசிக்கும் மருத்துவமனைப் பிரசவத்துக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. புது பிளேடைக் கையில் எடுத்த மருத்துவச்சிக்கும் ஒரு பங்கு உண்டு.

கோளாறு வேறு இடத்தில் இருந்தது. படிக்க வந்தவளிடம், நீ இதுவரை என்ன செய்தாய், எதனால் செய்தாய் என்று கேட்கப் பாடத்திட்டத்தில் இடமில்லை. அவளை அறியாமையின் உருவமாகப் பார்ப்பது வெள்ளைக்காரர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1903-இல் கர்சன் பிரபுவின் மனைவி தொடங்கிய விக்டோரியா நினைவு நிதி, இந்நாட்டு மருத்துவச்சிகளைத் திருத்துவதற்கென்றே ஏற்பட்டது. 1927-இல் வெளிவந்த, அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் மேயோவின் 'மதர் இந்தியா' என்ற நூல், இந்தியாவின் இழிநிலைக்குச் சாட்சியாக அவளை நிறுத்தியது. சுதந்திரத்துக்குப் பின் பாடம் எடுத்தவர்கள் மாறினார்கள், பார்வை அவ்வளவாக மாறவில்லை. கயிற்றைப் பிடித்துக் குந்த வைத்தவளிடம், மல்லாக்கப் படுக்க வைப்பதே முறை என்று சொல்லி அனுப்பினார்கள். சாதியும் வகுப்பறைக்குள் கூடவே வந்து உட்கார்ந்தது.

இதைவிடப் பெரிய குறை, முப்பத்தொன்றாம் நாளைப் பற்றி யாரும் யோசிக்காதது. ரத்தப்போக்கு கண்டால் அனுப்பிவிடு என்று கற்றுக்கொடுத்தார்கள். யாரிடம் அனுப்புவது, எந்த வண்டியில், அங்கே போனால் இவள் சொல்லை யார் கேட்பார்கள் என்பதற்குப் பதில் இல்லை. பெட்டியில் பிளேடு தீர்ந்தால் மறுபடி எங்கே வாங்குவது என்பதுகூடத் தெளிவாக இல்லை. பத்து ரூபாய்க்கு அலைவதைவிட வீட்டுக்காரர் தரும் படி தானியம் மேல் என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

1997-இல் கொழும்பில் கூடிய பாதுகாப்பான தாய்மை மாநாடு திசையை மாற்றியது. மருத்துவச்சிப் பயிற்சியை விட்டுவிட்டு, தேர்ச்சி பெற்ற செவிலியரையும் மருத்துவரையும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் உறுதிசெய்வதே வழி என்ற கருத்து அங்கே வலுப்பெற்றது. 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை, பரம்பரை மருத்துவச்சியைத் தேர்ச்சி பெற்றவர் பட்டியலிலிருந்து வெளிப்படையாக விலக்கியது. முடிவில் நியாயம் இருந்தது. அதிக ரத்தப்போக்கையும் பிரசவ வலிப்பையும் வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது. ஆனால் ஆய்வுகள் வேறொன்றையும் காட்டின. மருத்துவர் அபய் பாங் 1999-இல் வெளியிட்ட, மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி ஆய்வில், ஊர்ப் பெண்கள் வீடு தேடிப்போய்ப் பச்சிளங்குழந்தைகளைப் பராமரித்த கிராமங்களில் ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் 62 விழுக்காடு குறைந்தது. 2005-இல் வெளியான பாகிஸ்தானின் லர்கானா ஆய்வில், மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் பெட்டியும் தந்து அரசு சுகாதாரப் பணியாளர்களோடு இணைத்த இடங்களில், பிரசவத்தை ஒட்டிய குழந்தை இறப்பு சுமார் 30 விழுக்காடு குறைந்தது. லர்கானாவில் பயிற்சி நாட்கள் குறைவுதான். பயிற்சிக்குப் பின் அறுந்துபோகாத தொடர்பு அங்கே இருந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு உரைகல் தர்மபுரி மாவட்டத்தின் சித்திலிங்கி. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையில் மலையாளிப் பழங்குடிகள் வாழும் பள்ளத்தாக்கு. காந்திகிராமம் மருத்துவமனையில் பணியாற்றிய ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் அங்கே போய், ஊரார் கட்டித் தந்த குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்த இடம் அது. அவர்கள் இரண்டு அடுக்காகக் கல்வி கொடுத்தார்கள். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட மலைவாசிப் பெண்களை மருத்துவமனையிலேயே வைத்து, ஆண்டுக்கணக்கில், பிரசவம் பார்ப்பது முதல் தையல் போடுவது, அறுவை அரங்கில் உதவுவது வரை பழக்கினார்கள். ஊர்களில் அந்தந்த ஊர் தேர்ந்தெடுத்த மூத்த பெண்களுக்கு, கர்ப்பிணிகளையும் பச்சைக் குழந்தைகளையும் கவனிக்கக் கற்றுக்கொடுத்து, தொடர்ந்து கூட்டிப் பேசினார்கள். ஊரில் ஒருத்தி ஆபத்தை அடையாளம் கண்டால், அவள் பேச்சை மதித்துக் கேட்கும் இன்னொருத்தி மருத்துவமனையில் இருந்தாள். இருவரும் ஒரே மொழி பேசினார்கள், ஒரே திருவிழாவுக்குப் போனார்கள். அங்கே குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு இருபது என்ற அளவுக்கு இறங்கியது அந்தப் பெண்களின் கையால்.

நீலகிரியின் கூடலூரில் 'அஸ்வினி' அமைப்பும் இதே வழியில் பணியரும் பெட்டக்குறும்பரும் காட்டுநாயக்கரும் இருக்கும் கிராமங்களிலிருந்து பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகவும் செவிலியராகவும் வளர்த்தது. கனடாவின் வடகோடியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பேறுகாலத்துக்காக விமானத்தில் ஏற்றி வாரக்கணக்கில் தெற்கு நகரங்களில் தனியே வைத்ததை இனுயிட் பெண்கள் எதிர்த்தார்கள். 1986 முதல் புவிர்னிடுக் என்ற ஊரில், மூத்தவர் அருகிலிருந்து கற்கும் இனுயிட் மருத்துவச்சிகள் பிரசவம் பார்க்கிறார்கள். யாரை ஊரிலேயே வைத்துப் பார்ப்பது, யாரை நகரத்துக்கு அனுப்புவது என்பதை அவர்களும் சேர்ந்து முடிவுசெய்கிறார்கள். கல்வியோடு அதிகாரமும் கைக்கு வந்தது என்பதுதான் அங்கே நான் மதிப்பது.

இந்த முறைக்கும் பலவீனங்கள் உண்டு. சித்திலிங்கியும் கூடலூரும் வீட்டையும் வாழ்வையும் அங்கேயே அமைத்துக்கொண்ட மருத்துவர்களைச் சுற்றி வளர்ந்தவை. அப்படிப்பட்டவர்களை அரசாணையால் உண்டாக்க முடியாது. நன்கொடை வற்றினால் பயிற்சி நிற்கும். ஒரு நிறுவனம் தனக்குள் கொடுக்கும் பயிற்சிக்குச் செவிலியர் மன்றப் பதிவு கிடைக்காது. அந்தப் பெண் வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனால் அவள் படிப்பு எல்லையிலேயே நின்றுவிடும். பயிற்சியின் தரத்தை வெளியாள் ஒருவர் சோதிக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால், நல்ல மருத்துவர் இருக்கும் இடத்தில் நல்ல பயிற்சி, இல்லாத இடத்தில் வெறும் துணிச்சல் என்றாகிவிடும்.

அந்தத் துணிச்சலின் விலையைக் கொங்கு நாடு பார்த்துவிட்டது. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் செய்ய முயன்ற இளம்பெண் ரத்தப்போக்கில் இறந்தார். அடுத்த மாதமே கோவையில், வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி முகாம் என்று விளம்பரம் செய்தவர் கைதானார். இரண்டையும் காட்டி, மருத்துவச்சி மரபு திரும்பினால் இதுதான் நடக்கும் என்றார்கள். அங்கே மருத்துவச்சியே இல்லை. நூறு பிரசவம் பார்த்த கையும் இல்லை, பின்னால் மருத்துவமனையும் இல்லை. சமூகம் சார்ந்த பயிற்சிக்கு நேர் எதிரான ஒன்றை அதன் கணக்கில் எழுதக் கூடாது.

அன்னூரில் இன்று யாரும் வீட்டில் பிள்ளை பெறுவதில்லை, பெறவும் வேண்டாம். 2019-21-இல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அது பெரிய சாதனை. அதே ஆய்வில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை. அத்தனையும் தேவைப்பட்டுச் செய்தவை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. பொறுத்திருந்து பார்க்க ஆளும் நேரமும் இல்லாத இடத்தில் கத்தி சீக்கிரம் வருகிறது. உடன் ஒரு பெண் துணை இருக்கலாம் என்று அரசு மருத்துவமனைகளில் ஏற்பாடு வந்து பல ஆண்டுகள் ஆயிற்று. வடமாநிலத்திலிருந்து மில் வேலைக்கு வந்து, உறவு யாரும் இல்லாமல் வலியோடு படுத்திருக்கும் பெண்ணுக்கு அந்தத் துணையாக யார் நிற்பது? அவள் மொழி தெரிந்த ஒருத்தியைப் பழக்கி நிறுத்தலாம் என்று திட்டத்தில் எவரும் எழுதவில்லை.

ஒன்றிய அரசு 2018-இல் மகப்பேற்றுச் செவிலியர் சேவைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அனுபவமுள்ள செவிலியருக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி கொடுத்து, சிக்கலில்லாத பிரசவங்களை அவர்களே முழுப்பொறுப்போடு நடத்த வைப்பது திட்டம். முப்பது நாளுக்கும் பதினெட்டு மாதத்துக்கும் உள்ள தூரமே, பழைய பிழையிலிருந்து அரசு எதையோ கற்றதைக் காட்டுகிறது. ஆனால் இந்தப் படிப்புக்குள் நுழையச் செவிலியர் பட்டயமோ பட்டமோ வேண்டும். ஆனைகட்டி மலையில் பத்தாம் வகுப்போடு நின்ற இருளர் பெண்ணுக்கு அது எட்டாது. அவள் துணைச் செவிலியர் படிப்பில் நுழையவும், வேலை பார்த்துக்கொண்டே அடுத்த படிக்கு ஏறவும் ஒதுக்கீட்டோடு ஒரு பாதை வேண்டும். நிறுவனங்களுக்குள் பழகிய பெண்களின் கைத்திறனைத் தேர்வு வைத்துச் சோதித்து, தேறியவர்களைப் பதிவேட்டில் சேர்க்கும் முறையும் வேண்டும். அது வரும்வரை, மலையில் பதினைந்து ஆண்டுகள் பிரசவம் பார்த்த பெண்ணால் அன்னூர் அரசு மருத்துவமனையில் செவிலியர் வேலைக்கு ஒரு விண்ணப்பம்கூடப் போட முடியாது.