பல்லைப் பிடித்துப் பார்ப்போம்!

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்றொரு பழமொழி நாட்டிலே உலவுகிறது. பள்ளிச் சிறுவன் முதல் பல்லுப்போன முதியவர் வரை அதனை அறிவர். ஆராய்ந்து பார்த்து ஏற்றுக்கொண்டவரோ மிகச் சிலர். விருந்தாக வந்தவர் கொண்டுவந்த சீப்பிலே ஒரு பழம் அழுகியிருந்தால் அதை எடுத்துக்காட்டி அவர் முகம் வாடச் செய்யாதே என்ற அளவோடு அது நின்றிருப்பின், நமக்கு அதனோடு வழக்கில்லை. நல்ல நாகரிகம் என்று பாராட்டியும் இருப்போம். ஆனால், அந்தப் பழமொழி வீட்டுத் திண்ணையை விட்டு எப்போதோ இறங்கிவிட்டது. நியாயவிலைக் கடை வரிசைக்கு வருகிறது. மருத்துவமனைக் கூடத்துக்கு வருகிறது. பேருந்துப் படிக்கட்டிலே ஏறுகிறது. வந்து, ஏழையின் வாயைப் பொத்துகிறது.

பெருங்களத்தூரிலே அரிசிக்கு நிற்கும் வரிசையில் ஒரு தாய், “அரிசி நாற்றமடிக்கிறதே” என்று முணுமுணுத்தால் என்ன நடக்கிறது? கடைக்காரர் பதில் சொல்லுமுன்பே, பின்னால் நிற்பவர், அதே அரிசியை வாங்கப் பையோடு வந்திருப்பவர், “சும்மா கிடைக்கிற அரிசிக்குக் குறை வேறயாம்மா?” என்று கேட்கிறார். ஆதிக்கக்காரன் சொன்னால் எதிர்க்கலாம். அடக்கப்பட்டவனே அடுத்தவனிடம் சொன்னால் என் செய்வது? இச்சொல் பெருங்களத்தூருக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாடெங்கும் கேட்கும் சொல். ஆகவே, இந்தப் பழமொழியையே பல்லைப் பிடித்துப் பார்த்துவிடுவது என்று துணிந்தோம்.

மாட்டின் பல்லை ஏன் பார்க்கிறார்கள்? வயது அறிய! கன்றுக்கு இருப்பது பால்பல். ஏறத்தாழ இரண்டு வயதில் கீழ்த்தாடையின் முன்புறத்தே இரண்டு நிலைப்பற்கள் முளைக்கும். பின்னர் நான்கு, ஆறு என்று வளர்ந்து, ஐந்து வயதை ஒட்டி எட்டும் நிறைந்துவிடும். அதற்குப்பின் தேய்மானத்தைப் பார்த்தே வயதைச் சொல்ல வேண்டும். சந்தையில் “ரெண்டு பல்லு”, “நாலு பல்லு” என்று விலை பேசுவது இதனால்தான். பல்லைப் பார்க்காதே என்றால் என்ன பொருள்? மாடு உழைக்குமா, கறக்குமா, இல்லை கொட்டிலில் படுத்துத் தீனியை மட்டும் தின்னுமா என்பதை அறியாதே என்று பொருள். வாங்கியவன் புல்லுக்கும் தவிட்டுக்கும் செலவழிக்கிறான். கொடுத்தவனோ புண்ணியக் கணக்கிலே வரவு வைத்துக்கொள்கிறான்! கிழமாட்டைத் தள்ளிவிடவும் வேண்டும், வள்ளல் என்ற பெயரும் வேண்டும் என்பவனுக்கு இதைவிட ஏற்ற மொழி உண்டோ?

இது நம் கற்பனை அன்று. கடோபநிடதக் கதையைப் புரட்டிப் பாருங்கள். வாசிரவசன் வேள்வி செய்து தன் பொருளையெல்லாம் தானம் செய்கிறான். தானப் பசுக்கள் எப்படிப்பட்டவை? இனித் தண்ணீர் குடிக்கவும் புல் மேயவும் மாட்டாத நிலையில், பால் வற்றி, ஈனும் வலிமையும் இழந்தவை. மகன் நசிகேதன், சிறுவன், அதைக் காண்கிறான், மனம் பொறுக்கவில்லை. “என்னை யாருக்குத் தரப்போகிறீர்?” என்று தந்தையைத் துளைக்கிறான். சினந்த தந்தை, “எமனுக்கு!” என்கிறான். புராணத்தை நாம் நம்பச் சொல்லவில்லை. ஆயினும் புனைந்தவர்கள் உள்ளத்தைப் பாருங்கள்: தானப் பசுவின் தரத்தைப் பார்த்தவனுக்குக் கிடைத்த முதல் பரிசு எமலோகப் பயணம்!

மேலைநாடும் இதற்கு விலக்கன்று. தானமாக வந்த குதிரையின் பல்லைப் பாராதே என்பது, நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறித்தவ அறிஞர் எரோனிமூ காலத்திலேயே இலத்தீனில் வழங்கிய மொழி. இங்கே மாடு, அங்கே குதிரை. கைநீட்டுபவன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்று.

ஆனால், தமிழின் பழைய ஏடுகளிலே வேறொரு குரலும் கேட்கிறது. புறநானூற்றுப் புலவர் பெருஞ்சித்திரனார் வறியவர், வயிற்றுக்கில்லாத குடும்பத்தார். இளவெளிமான் அவருக்குச் சிறு பரிசிலைத் தந்தான். அவர் வாங்கவில்லை. குமணனிடம் சென்று யானையைப் பரிசிலாகப் பெற்று, அந்த யானையைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல்மரத்திலே கட்டிவிட்டுப் போனார்! அதியமான் நெடுமான் அஞ்சி, புலவரை நேரிற் காணாமல் பொருளை மட்டும் கொடுத்தனுப்பியபோது, முகம் பாராது தந்ததைப் பெற்றுச்செல்ல நான் பரிசிலை வாணிகமாகக் கொண்டவன் அல்லேன் என்றார். அவர் பார்த்தது பல்லை மட்டுமன்று. கொடுத்தவனின் பண்பையும் பார்த்தார். வேந்தரைப் பாடும் வாழ்வை இன்று நாம் விரும்பமாட்டோம். எனினும் கேட்கிறோம்: வேந்தனின் வாயிலில் நின்ற இரவலனுக்கு இருந்த உரிமை, வாக்குச்சீட்டு ஏந்தும் குடிமகளுக்கு இல்லையா?

அதுவும், நியாயவிலைக் கடை அரிசி தானமா? 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைகளுக்கு அரிசி விலையின்றித் தரப்படுகிறது. பைக்குள் விழும்போது காசு கேட்பதில்லை, உண்மை. ஆனால் அந்தத் தாய் சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறாள். கைப்பேசிக்குப் பணம் கட்டும்போது வரி கட்டுகிறாள். 1939இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி வந்த நாள் தொட்டு, 2017இல் சரக்கு சேவை வரி வந்த பின்னும், கடைக்குப் போகும் ஏழை கருவூலத்துக்குத் தந்துகொண்டே இருக்கிறாள். முன்பே கொடுத்ததன் ஒரு பகுதி அரிசியாகத் திரும்பி வருகிறது. அதனைத் தானம் என்றால், கொடுத்தவள் யார், பெற்றவர் யார்?

இந்தத் தெளிவு ஆட்சியாளருக்கும் சிலபோது மறந்துபோகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு அது கூலி உயர்வுக்கு ஒப்பான திட்டம், நாம் வரவேற்பது. ஆனால், 2022 செப்டம்பரில் அன்றைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி பொதுமேடையிலே அப்பயணத்தை ‘ஓசி’ என்றார். எதிர்ப்பு எழுந்தது, பின்னர் வருத்தம் தெரிவித்தார். நம் இயக்கத்தின் மடியிலே வளர்ந்தவர் நாவிலிருந்து வந்தது என்பதற்காக அச்சொல்லை நாம் மன்னித்துவிட முடியாது. திட்டத்தால் நிமிர்ந்த தலையை ஒரு சொல்லால் குனியவைக்கும் வேலை அது. ‘ஓசி’ என்ற சொல் ஒட்டிக்கொண்டுவிட்டால், பேருந்து நில்லாமல் போனாலும் அந்தப் பெண் கேட்கத் துணியமாட்டாள்.

சட்டமும் இந்தப் பழமொழியைச் சிறிது படித்திருக்கிறது என்பதே வேடிக்கை! 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கட்டணமின்றிச் செய்யப்படும் பணியைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. 2019ஆம் ஆண்டின் சட்டமும் அவ்வாறே. 1995 நவம்பரில், மருத்துவர் சங்கம் தொடுத்த வழக்கிலே உச்சநீதிமன்றம், எல்லோருக்கும் இலவசமாக மருத்துவம் பார்க்கும் மருத்துவமனை அச்சட்டத்துக்குள் வாராது என்றது. மக்கள் செலுத்தும் வரியைக் கட்டணமாகக் கருத முடியாது என்றும் கூறியது. சிலரிடம் கட்டணமும் சிலருக்கு இலவசமும் என்றிருந்தால் மட்டும், இலவச நோயாளியும் வழக்காடலாம். அதாவது, பக்கத்துக் கட்டிலில் ஒரு பணக்காரர் படுத்திருந்தால்தான் ஏழைக்கு நுகர்வோர் மன்றத்தின் கதவு திறக்கும்!

ஆயினும் நீதியின் வாயில் ஒன்றே ஒன்றன்று. மேற்கு வங்கத்தில் ஓர் ஏழைத் தொழிலாளி, தொடர்வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு மருத்துவமனை ஒவ்வொன்றும் இடமில்லை, வசதியில்லை என்று அவரைத் திருப்பியனுப்பியது. 1996இல் உச்சநீதிமன்றம், இது உயிர் வாழும் உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இலவச மருத்துவந்தானே, கிடைக்காவிட்டால் என்ன என்று அவருடைய உழவுத் தொழிலாளர் சங்கம் வாளாவிருந்திருந்தால், அந்தத் தீர்ப்பு ஏது? 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, மாவட்டந்தோறும் குறைதீர்க்கும் அலுவலர் வேண்டும், மாநிலந்தோறும் உணவு ஆணையம் வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. குறை கூறுவது நன்றிகெட்ட செயல் என்றால், அதைக் கேட்பதற்கென்று சட்டம் ஏன் அலுவலரை அமர்த்துகிறது?

“அரசுக்கு இது பொருந்தும், தனியார் இரக்கத்தால் செய்யும் உதவியையும் குறை கூறலாமோ?” என்று கேட்பார் உளர். 2008 ஜூலையில், விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் மக்கள் இலவசக் கண் சிகிச்சை முகாம் ஒன்றின் வழியே அறுவை செய்துகொண்டனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் பார்வையை இழந்தனர். கட்டணம் வாங்கவில்லை என்பதால் கருவிகளின் தூய்மை பற்றிக் கேட்கலாகாதா? காசுக்கு வந்த கத்தியானாலும் கருணைக்கு வந்த கத்தியானாலும், கண்ணுக்கு ஒன்றுதான். அண்டை வீட்டார் தந்த குழம்பில் உப்புக் குறைந்தால் பேசாமல் உண்போம். நஞ்சு கலந்திருந்தால் பேசாமல் உண்ணமாட்டோம். சுவைக் குறையைப் பொறுக்கலாம். கேட்டைப் பொறுத்தல் பண்பாகாது.

இனி, குறை கூறுவோருக்கும் ஒரு சொல். நாற்றமடிக்கும் அரிசிக்காகக் கடை விற்பனையாளரோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. அவர் சாக்கை அவிழ்த்து அளப்பவர். சாக்குக்குள் இருப்பதைச் செய்தவர் அல்லர். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு 17 விழுக்காடு என்று வரம்பு உண்டு. அறுவடைக் காலத்தில் மழை வந்தால், திறந்த வெளியிலே குவிந்த நெல் நனைகிறது, நிறம் மாறுகிறது, அரைவை ஆலைக்கும் கிடங்குக்கும் அந்தக் கேடும் உடன் பயணம் செய்கிறது. ஆகவே, பெருங்களத்தூர்த் தாயின் முணுமுணுப்பு மேல்நோக்கிச் சென்றால், காவிரிப் படுகையிலே கூரையின்றிக் கிடக்கும் நெற்குவியலைச் சென்று தொடும். அந்த உழவனுக்கும் அது நன்மை. கீழ்நோக்கிச் சென்றால், இரண்டு ஏழைகள் போட்ட சண்டையாக முடியும். குறையை எழுத்தாக்குங்கள், நாளும் கடை எண்ணும் குறியுங்கள், 1967 என்ற தொலைபேசி எண்ணும் அதற்கென இருக்கிறது. தனியாகச் சொல்ல அஞ்சினால் தெருவாகச் சேர்ந்து சொல்லுங்கள்.

குறை கூறினால் திட்டமே நின்றுவிடும் என்று மிரட்டுவோருக்குச் சத்துணவின் வரலாறே விடை. 1920இல் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே நண்பகல் உணவைத் தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சி அதை நாடெங்கும் கொண்டுசென்றது. 1982இல் சத்துணவாயிற்று. 1989இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. பின்னர் வாரத்தில் ஐந்து நாள் முட்டையாயிற்று. 2022இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. சும்மா கிடைக்கிற சோற்றுக்குக் குறை என்ன என்று எல்லோரும் வாய்மூடி இருந்திருந்தால், இத்தனை படிகளை அத்திட்டம் ஏறியிருக்குமா? போதாது என்ற சொல்லே அதனை வளர்த்த உரம்.

தோழர்களே! விலையில்லா அரிசி என்று பையிலே அச்சிடலாம். ஆனால், வாய்திறவாதே என்ற நிபந்தனையோடு அது வருமானால் அதற்கு விலை உண்டு. நம் மௌனமே அந்த விலை. அந்த விலையைக் கொடுக்க மறுப்போம். அடுத்த முறை வரிசையிலே ஒரு தாய் குறை கூறும்போது, பின்னால் நிற்பவர் நீங்களாக இருந்தால், “சும்மா கிடைப்பதுதானே” என்று அடக்காதீர்கள். “ஆம் அம்மா, நானும் கையெழுத்திடுகிறேன்” என்று சொல்லுங்கள். மாடு நம்முடையது; பல்லைப் பிடித்துப் பார்ப்போம்!