மறுப்பைக் கேட்டு வாங்கும் நிரல்

ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் தரவு கேட்டுப் பெறுவதற்கென வகுக்கப்பட்ட முறையான வாயில் ஏ.பி.ஐ. எனப்படுகிறது. அவ்வாயிலைக் கையாளும் நிரலாளரின் திறன் பெரும்பாலும் வேகத்தைக் கொண்டே அளக்கப்படுகிறது; ஆயினும் நன்கொடையில் இயங்கும் விக்கிப்பீடியாவின் ஏ.பி.ஐ.யை நாடும் நிரல்களை நுணுகிப் படிப்பவர், அழகு வேறிடத்தில் இருப்பதைக் காண்பர்.

நல்ல நிரல் முதலில் தன்னை அறிவித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கோரிக்கையின் தலைப்பகுதியிலும் செல்லும் 'யூசர் ஏஜென்ட்' என்னும் வரியில் தன் பெயரையும், பதிப்பெண்ணையும், இயக்குபவரைத் தொடர்புகொள்ளும் வழியையும் அது எழுதி அனுப்புகிறது. உலாவியைப் போல வேடமிட்டு நுழையும் நிரல் எவ்வளவு நுட்பமானதாயினும் ரசனைக்குரியதன்று. ஐம்பது கட்டுரைகளின் விவரம் வேண்டுமெனில் ஐம்பது முறை தட்டாமல், தலைப்புகளைச் செங்குத்துக் கோட்டுக் குறியால் (|) பிரித்து ஒரே கோரிக்கையில் அடக்குவதும், ஒரு விடை வந்தபின்னரே அடுத்ததைக் கேட்பதும் இதே பண்பின் கூறுகளாம்.

இக்கலையின் உச்சம் 'மேக்ஸ்லேக்' என்னும் சிறு அளபுரு. விக்கிப்பீடியாவின் தரவுத்தளத்தில் மாற்றங்கள் முதன்மைச் சர்வரில் எழுதப்பட்டு, அங்கிருந்து நகல் சர்வர்களுக்குச் செல்கின்றன. சுமை மிகும்போது நகல்கள் சில நொடிகள் பின்தங்குகின்றன. கோரிக்கையோடு மேக்ஸ்லேக் மதிப்பாக 5 என்று இணைத்தனுப்பும் நிரல், பின்னடைவு ஐந்து நொடியைத் தாண்டியிருந்தால் தன் வேலையைச் செய்யாமல் திருப்பியனுப்புமாறு தானே கேட்டுக்கொள்கிறது. ரேஷன் கடையில் கூட்டத்தைக் கண்டதும், அவசரமில்லாதவர் பிறகு வருவதாகச் சொல்லித் திரும்புவதற்கு இது நிகர். எவரும் கட்டாயப்படுத்தாத இடத்தில் மறுப்பைக் கேட்டு வாங்கும் இந்த ஒற்றை எண், பல நூறு வரிச் சாமர்த்தியத்தைவிட உயர்ந்ததாகத் தோன்றுகிறது. திரைக்கு முன் மனிதர் விடைக்காகக் காத்திருக்கும் பணிகளுக்கு இது தேவையில்லை. பின்னணியில் ஓடும் தானியங்கிகளுக்கே உரியது.

மறுப்பு வந்தபின் நிரல் நடந்துகொள்ளும் விதமும் கவனிக்கத்தக்கது. கேட்காமலே வரும் மறுப்பும் உண்டு: அளவுக்கு மீறிக் கோரிக்கைகள் அனுப்பப்பட்டன என்பதைத் தெரிவிக்கும் 429 என்னும் குறியீடு 2012இல் வரையறுக்கப்பட்டது. எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்பதை 'ரிட்ரை ஆஃப்டர்' என்னும் வரி சொல்கிறது. அவ்வரி இல்லாதபோது, தேர்ந்த நிரல் ஒரு நொடி, இரண்டு, நான்கு, எட்டு எனக் காத்திருப்பை இரட்டித்துக்கொண்டே போவதுடன், அதில் சிறிது தற்செயல் நேரத்தையும் கலக்கிறது. ஒரே கணத்தில் தடுக்கப்பட்ட ஆயிரம் நிரல்களும் ஒரே கணத்தில் திரும்பி வந்தால் சர்வர் மீண்டும் திணறும் என்பதே அக்கலப்பின் காரணம். கண்ணுக்குத் தெரியாத சக பயனர்களை எண்ணி எழுதப்படும் அந்த ஒரு வரியில்தான் எழுதியவரின் முதிர்ச்சி வெளிப்படுகிறது.

பைதான் மொழியில் அமைந்த பைவிக்கிபாட் என்னும் நூலகத்தில் மேக்ஸ்லேக் மதிப்பு 5 என முன்கூட்டியே பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்திருப்பதால், இக்கைவினையைச் சுவைக்க விரும்பும் நிரலாளர்கள், கோரிக்கைகளை அனுப்பும் பகுதியையேனும் ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும்.