சுவரில் உதிக்காத சூரியன்

பளபளக்கும் உலோகக் கவசம் அணிந்த ஒருவனை நாயகனாக வைத்துக்கொண்டு கிரீன் மேட்டுக்கு முன்னால் படம்பிடிப்பது ஒளிப்பதிவாளருக்குத் தண்டனை. கவசத்தின் ஒவ்வொரு வளைவிலும் பச்சை படியும். பிறகு யாரோ உட்கார்ந்து ஃப்ரேம் ஃப்ரேமாக அதைத் துடைத்துவிட்டு, அங்கே வானமும் மணலும் பிரதிபலிப்பதுபோல் செய்து ஒட்ட வேண்டும். 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ்ஸில் வெளியான 'தி மாண்டலோரியன்' என்ற ஸ்டார் வார்ஸ் தொடரின் நாயகன் தலைக்கவசத்தைக் கழற்றுவதே அபூர்வம். தொடரை உருவாக்கிய ஜான் ஃபேவ்ரோ குழுவினருக்கு இந்தப் பிரதிபலிப்புத் தலைவலி முதல் நாளிலிருந்தே இருந்தது.

அவர்கள் கண்ட வழி இன்று உலகமெங்கும் பேசப்படுகிறது. கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் ஸ்டுடியோவில் சுமார் 75 அடி விட்டமும் 20 அடி உயரமும் கொண்ட எல்.இ.டி. சுவரை அரைவட்டத்துக்கும் கூடுதலாக வளைத்து எழுப்பினார்கள். தலைக்கு மேலேயும் எல்.இ.டி. கூரை. சுவரில் மட்டும் 1,326 திரைகள். அவற்றில் ஓடியது பதிவுசெய்த வீடியோ அல்ல. அன்ரியல் எஞ்சின் அந்தந்தக் கணத்தில் உருவாக்கிக் காட்டிய முப்பரிமாண உலகம். முதல் சீசனில் பாதிக்கும் மேற்பட்ட காட்சிகள் இந்த முறையில் எடுக்கப்பட்டன. கவசத்தில் பச்சைக்குப் பதில் பாலைவனமே விழுந்தது.

அன்ரியல், எபிக் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி 1998-ல் வெளியான ஒரு துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமுக்காகப் பிறந்தது. கேம் ஆடுபவர் எந்த நொடியில் எந்தப் பக்கம் திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அவர் திரும்பும் பக்கத்துக் காட்சியை நொடியின் முப்பதில், அறுபதில் ஒரு பங்குக்குள் எஞ்சின் தயாரித்தாக வேண்டும். சினிமா கிராஃபிக்ஸுக்கு இந்த அவசரம் இருந்ததே இல்லை. ஒரே ஃப்ரேமை ரெண்டர் செய்ய மணிக்கணக்கில் கணினிகள் ஓடும். எல்.இ.டி. சுவரில் கேமராதான் கேம் ஆடுபவர். அது எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்பதைச் சென்சார்கள் எஞ்சினுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கேமரா ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால், அதன் பார்வையில் பக்கத்துப் பாறை அதிகமாகவும் தூரத்து மலை கொஞ்சமாகவும் நகரும்படி எஞ்சின் சுவரை மாற்றும். கண்ணை ஏமாற்றுவது இந்த வித்தியாசம்தான்.

ஏமாற்று பழையது. ஸ்டுடியோவுக்குள் நிற்கும் காரில் நாயகன் ஸ்டியரிங்கை ஆட்டிக்கொண்டே பாட, பின்னால் திரையில் சாலை ஓடும் பழைய தமிழ்ப் படக் காட்சிகளைப் பார்த்துச் சிரிக்காதவர் உண்டா? பேக் புரொஜெக்‌ஷன் நம்மைச் சிரிக்க வைத்ததற்குக் காரணம் திரையில் ஓடிய படம் போலி என்பதல்ல. அதன் வெளிச்சம் நடிகர் முகத்தில் விழவில்லை. கேமரா நகர்ந்தாலும் அது தன் பாட்டுக்கு ஓடியது. இந்த இரண்டு குறைகளும் தனித்தனியானவை. விளம்பரப் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

முதல் குறையைத் தீர்க்க கேம் எஞ்சின் தேவையில்லை. 2013-ல் வந்த 'ஒப்லிவியன்' படத்தில் மேகங்களுக்கு மேலே நிற்கும் கண்ணாடி வீட்டை ஒளிப்பதிவாளர் கிளாடியோ மிராண்டா எப்படி எடுத்தார்? ஹவாயின் ஹலேகலா எரிமலை உச்சியிலிருந்து வானத்தைப் படம்பிடித்து வந்து, செட்டைச் சுற்றிக் கட்டிய பெரிய திரைகளில் புரொஜெக்டர்களால் வீசினார். கண்ணாடியிலும் நடிகர் கண்ணிலும் நிஜ மேகம் நகர்ந்தது. 2022-ன் 'புல்லட் டிரெய்ன்' படத்தில் ரயில் ஜன்னலுக்கு வெளியே எல்.இ.டி. திரைகளில் ஓடியதும் முன்பே எடுத்த காட்சிகள்தான். அடுத்துவரும் ஒரு தயாரிப்பாளர் "எனக்கு அன்ரியல் வேண்டும்" என்று கேட்டால், அவருக்கு உண்மையில் வேண்டியது நல்ல திரையும் நல்ல ஃபுட்டேஜும் மட்டுமாக இருக்கலாம். எஞ்சின் தீர்ப்பது இரண்டாவது குறையை. கேமரா நகரும்போது பின்னணியும் பொருந்தி நகர வேண்டும் என்ற தேவையை.

அதைத் தீர்ப்பதோடு இன்னொன்றையும் செய்கிறது. என் கணக்கில் அதுதான் இந்த முறையின் பெரிய பலம். கிரீன் மேட் வந்த நாளிலிருந்து ஒளிப்பதிவாளர் பாதிக் குருடராகத்தான் வேலை பார்த்தார். பின்னணியில் மாலை வெயிலா மேகமா என்பது ஐந்து மாதம் கழித்து வேறு ஊரில் வேறு ஒருவர் முடிவெடுப்பது. அதை ஊகித்து இவர் லைட் வைக்க வேண்டும். நடிகரோ ஒரு குச்சியில் கட்டிய பந்தைப் பார்த்துப் பயந்து நடிக்க வேண்டும். எல்.இ.டி. சுவர் ஒளிப்பதிவாளருக்கு லென்ஸ் வழியாக முழு ஃப்ரேமையும் பார்க்கும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. மலை இடைஞ்சலாக இருந்தால் பத்தடி தள்ளி வைக்கச் சொல்லலாம். நிஜத்தில் இருபது நிமிடத்தில் கரைந்துபோகும் அந்திப்பொழுதை நாள் முழுக்க நிறுத்தி வைக்கலாம். 'மாண்டலோரியன்' ஒளிப்பதிவாளர்கள் கிரேக் ஃபிரேசரும் பாஸ் இடோயினும் 2020-ல் எம்மி விருது வாங்கியது ஒளிப்பதிவுக்காக என்பது கவனிக்கத்தக்கது. வி.எஃப்.எக்ஸுக்கான எம்மியும் அதே தொடருக்குத் தனியாகக் கிடைத்தது.

ஆனால் அந்திப்பொழுதை நிறுத்தி வைக்கலாம் என்று சொன்னேனே, நடுப்பகலை? அது முடியாது. சூரியன் வெகுதொலைவிலிருந்து ஒரே திசையில் அடிக்கும் வெளிச்சம். ஆகவே மண்ணில் கத்தி வைத்து அறுத்ததுபோல் நிழல் விழுகிறது. எல்.இ.டி. சுவரோ நாலாபுறமிருந்தும் மென்மையாகப் பரவும் வெளிச்சம். எவ்வளவு பிரகாசமாக ஏற்றினாலும் அதில் உச்சிவெயில் பிறக்காது. தனியாக ஒரு பெரிய லைட்டை உள்ளே கொண்டுவந்தால் அதன் ஒளி சுவரிலேயே பட்டு, திரையின் கறுப்பை வெளுக்கச் செய்யும். இதனால்தான் இந்த முறையில் எடுத்த உலகங்களில் எப்போதும் மேகமூட்டம், அந்தி, மூடுபனி, அல்லது நிலவறை. இரண்டு சூரியன்கள் காயும் பாலைவனக் கிரகத்தில்கூட வெயில் ஏனோ உறைப்பதில்லை.

அடுத்தது தோல். எல்.இ.டி. திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று குறுகிய அலைவரிசைகளை மட்டும் கொண்டு எல்லா நிறத்தையும் உண்டாக்குகிறது. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் அந்த வெளிச்சத்தில் இடைப்பட்ட அலைவரிசைகள் பெரும்பாலும் இல்லை. மனிதத் தோல் அந்த வெளிச்சத்தை வாங்கும்போது நிறம் திரிந்து, கொஞ்சம் நோய்பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. கூடுதலாக ஒரு வெள்ளை டயோடைச் சேர்த்த பேனல்கள் இப்போது வருகின்றன. அவை இல்லாத இடங்களில் முகத்துக்குத் தனி லைட் வைப்பதே வழக்கம். மாநிறத்திலிருந்து கறுப்பு வரை தோல் நிறம் விரிந்து கிடக்கும் நம் பக்கத்துக்கு இது சில்லறை விஷயமல்ல.

பிறகு, சுவரைக் கேமரா கூர்மையாகப் பார்க்கவே கூடாது. பார்த்தால் திரையின் புள்ளிகளும் கேமரா சென்சாரின் புள்ளிகளும் மோதி மோயரே எனப்படும் அலைக்கோடுகள் நெளியும். எனவே பின்னணி எப்போதும் ஃபோகஸுக்கு வெளியே. அழகாகத்தான் இருக்கிறது, எட்டு எபிசோடும் அப்படியே என்றால் அலுக்கிறது. கேமரா நகர்வதற்கும் சுவர் அதற்கேற்ப மாறுவதற்கும் இடையே சில ஃப்ரேம்கள் தாமதம் உண்டென்பதால் கேமராவைச் சட்டென்று சுழற்றவும் முடியாது. கேமரா பார்க்கும் பகுதியை மட்டும்தான் எஞ்சின் முழுத் துல்லியத்தோடு வரைகிறது. மற்ற பகுதி வெளிச்சத்துக்கு மட்டும். இரண்டாவது கேமரா வந்தால் இரண்டு துல்லியப் பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மல்லுக்கட்டும். சண்டைக் காட்சி என்றால் நாலு கேமராவை நாலு மூலையில் வைத்துப் பழகியவர்களுக்கு இது கைவிலங்கு.

இவை எல்லாவற்றையும்விடப் பார்வையாளருக்கு உறைப்பது வட்டம். செட்டின் நிஜத் தரை சுவரோடு முடிந்துவிடுகிறது. நடிகர்கள் நடுவில் வந்து நிற்கிறார்கள், பேசுகிறார்கள், பின்னால் முடிவில்லாத நிலம் விரிகிறது. அதற்குள் ஒருவரும் நடந்து போவதில்லை. 2022-ல் வந்த 'ஓபி-வான் கெனோபி' தொடரின் பல காட்சிகளில் இந்த மூச்சுமுட்டல் இருந்தது. அதே ஆண்டு, அதே ஸ்டார் வார்ஸ் உலகில் வெளியான 'ஆண்டோர்' தொடரை டோனி கில்ராய் இந்தச் சுவரின் துணையில்லாமல் எடுத்தார். லண்டனுக்கருகே தெருத்தெருவாகச் செட் போட்டார்கள். ஸ்காட்லாந்தின் குருவாகன் அணைக்கட்டு பேரரசின் கோட்டையானது. அங்கே ஒருவன் மேட்டில் ஏறினால் அவனுக்கு மூச்சு வாங்குகிறது. காற்றில் சட்டை படபடக்கிறது.

இந்த ஒப்பீட்டை வைத்துச் சுவரை ஒரேயடியாகக் கழித்துக்கட்டுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எழுத்து மெலிந்த காட்சி எங்கே எடுத்தாலும் மெலிந்துதான் இருக்கும். 'மாண்டலோரியன்' எடுத்த அதே ஃபிரேசர் 'தி பேட்மேன்' படத்தில் நகரத்துக் கூரைமேல் நடக்கும் காட்சிகளுக்கு இந்தச் சுவரைப் பயன்படுத்தினார். அங்கே பின்னணியில் இருப்பது தொலைதூர நகரம், வெயிலற்ற செவ்வானம். பாத்திரங்கள் கூரையை விட்டு நகர வேண்டிய தேவையும் இல்லை. சுவரின் ஊனங்கள் அத்தனையும் அந்தக் காட்சியின் இயல்போடு ஒத்துப்போய்விட்டன. ஜெர்மனியின் பாபல்ஸ்பெர்க் ஸ்டுடியோவில் எடுத்த '1899' தொடரும் அப்படியே: கப்பல் தளம், கடல், மூட்டமான வானம். சுவருக்கேற்ற காட்சியைக் கண்டுபிடிப்பவன் பிழைக்கிறான். எல்லாக் காட்சிக்கும் சுவர் என்று நிறுவனம் ஒன்று கட்டளையிடும்போதுதான் பழுது தொடங்குகிறது. கட்டி வைத்த மேடை சும்மா கிடக்கக் கூடாதே என்ற கணக்கு லொகேஷன் மேனேஜரின் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது.

பணம் மிச்சம் என்ற வாதத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. செலவு குறைவதைவிட அது இடம் மாறுவதே அதிகம். முன்பு படப்பிடிப்புக்குப் பிறகு செய்த கிராஃபிக்ஸ் வேலை இப்போது படப்பிடிப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பாலைவனம் திங்கட்கிழமை காலை சுவரில் ஏற வேண்டுமென்றால், அது எப்படி இருக்கும் என்பதை இயக்குநர் பல வாரங்களுக்கு முன்பே முடிவு செய்து சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் மனம் மாறினால்? நடிகரும் பின்னணியும் ஒரே ஃப்ரேமில் ஒட்டிப் பதிவாகிவிட்டன. பிரிக்க வேண்டுமானால் நடிகரின் உருவத்தை ஒவ்வொரு ஃப்ரேமிலும் கையால் வெட்டியெடுக்க வேண்டும். கிரீன் மேட்டைவிட அது கொடுமை. தள்ளிப்போடுகிற இயக்குநரை கிரீன் மேட் மன்னித்தது. சுவர் மன்னிப்பதில்லை. இதைக் குறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு இது ஒழுக்கமாகவே தெரிகிறது. ஆனால் ஒழுக்கத்துக்குச் சம்பளம் தர யாராவது வேண்டும்.

ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பது இன்னொரு கவலை. எபிக் 2019-ல் க்விக்ஸல் என்ற ஸ்வீடன் நிறுவனத்தை வாங்கியது. நிஜப் பாறைகளையும் மரப்பட்டைகளையும் ஸ்கேன் செய்து வைத்த அதன் பெரிய களஞ்சியத்தை அன்ரியல்காரர்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. வேலை எளிதானது, ஒரே பாறை பல படங்களில் முகம் காட்டும் வழியும் பிறந்தது. 2024-ல், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வருவாயுள்ள, கேம் தயாரிக்காத நிறுவனங்கள் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 1,850 டாலர் கட்ட வேண்டும் என்று எபிக் அறிவித்தது. பெரிய தொகையல்ல. ஆனால் விலையை வைப்பவர் யார் என்பது தெளிவாகிவிட்டது. 'மாண்டலோரியன்' இரண்டாவது சீசனிலேயே, அதன் கிராஃபிக்ஸைச் செய்த ஐ.எல்.எம். நிறுவனம் ஹீலியோஸ் என்ற சொந்த எஞ்சினுக்கு மாறியதை இதோடு வைத்துப் பார்க்கலாம். அந்த வசதி எத்தனை பேருக்கு இருக்கிறது?

சுவரைப் பற்றியே பேசுவதில் ஓர் அநியாயமும் இருக்கிறது. உடனுக்குடன் காட்டும் ரெண்டரிங் நிஜமாகவே வாழ்வு கொடுத்த இடம் சுவரில்லாத இடம். 2019-ல் வெளியான ஃபேவ்ரோவின் 'தி லயன் கிங்' படத்தில், யூனிட்டி என்ற இன்னொரு கேம் எஞ்சினில் கட்டிய காட்டுக்குள் வி.ஆர். கண்ணாடி அணிந்து இறங்கி, ஒளிப்பதிவாளர் கேலப் டெஷனல் ஷாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார். இறுதிப் படம் பழைய முறையில்தான் ரெண்டர் ஆனது. எஞ்சின் செய்த உதவி இடம் தேடுவதும் கோணம் தேடுவதும். லாத்வியாவின் கின்ட்ஸ் ஜில்பாலோடிஸ் 'ஃப்ளோ' படத்தை பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் எடுத்தார். அது கேம் எஞ்சின் அல்ல என்றாலும், அதிலுள்ள ஈவீ என்ற ரெண்டரர் அதே வேகக் கோட்பாட்டில் இயங்குவது. ஸ்டோரிபோர்டு வரையாமல், உருவாக்கிய வெள்ளக்காட்டுக்குள் கேமராவை அலையவிட்டு ஷாட் கண்டுபிடித்தார். ரெண்டர் செய்யக் கணினிப் பண்ணை இல்லை. தன் கணினியே போதுமாயிற்று. பூனையின் உடலில் மயிர் மயிராகத் துல்லியம் கிடையாது. தூரிகை தீற்றியதுபோல் இருக்கும். அந்த எளிமையையே படத்தின் அழகாக்கிக்கொண்டார். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர், பெரும் ஸ்டுடியோக்களின் படங்களைத் தாண்டி அதற்குப் போனது.

இந்தியாவில், சென்னையைச் சேர்ந்த க்யூப் சினிமாவும் அன்னபூர்ணா ஸ்டுடியோஸும் சேர்ந்து ஹைதராபாத்தில் எல்.இ.டி. மேடை அமைத்திருக்கின்றன. அங்கே தமிழ்ப் படங்கள் முதலில் எடுக்கப்போவது வேற்றுக்கிரகமாக இருக்காது என்று நினைக்கிறேன். இரவில் காரில் போய்க்கொண்டே இருவர் பேசும் காட்சியாக இருக்கும். போக்குவரத்தை நிறுத்த வேண்டாம், வேடிக்கை பார்க்கும் கூட்டம் இல்லை, கண்ணாடியில் தெருவிளக்குகள் நிஜமாக ஓடும். நியாயமான பயன்தான், ஆனால் அதற்குச் சாலையில் எடுத்துவந்த ஃபுட்டேஜே போதும், எஞ்சின் தேவைப்படாது. எஞ்சினைக் கேட்கும் கதை வரும்போது, வசனப் பேப்பரே செட்டுக்குக் காலையில் வந்து சேரும் பழக்கத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழும். படப்பிடிப்புக்கு மூன்று மாதம் முன்பே கலை இயக்குநரையும் ஒளிப்பதிவாளரையும் கிராஃபிக்ஸ் ஆட்களையும் ஒரே அறையில் உட்கார வைத்து, ஒரு ஷாட்கூட எடுக்காத அந்த மாதங்களுக்கும் சம்பளம் எழுதும் தயாரிப்பாளர் முதலில் வேண்டும். மேடையை அதற்குப் பிறகு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.