கஜலின் காதலர் யார்?

உருதுக் கவிதையைத் தமிழாக்கப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர் ஒன்று உண்டு. கஜலில் பேசப்படும் காதலர் ஆணா, பெண்ணா? பாரசீகத்தில் ‘அவன்’, ‘அவள்’ என்ற வேறுபாடே இல்லை. உருதுவில் வினைச்சொல் பால் காட்டும். எனினும் காதலரை ஆண்பாலில் சுட்டுவதே கஜல் மரபு. தமிழிலோ ‘வந்தான்’ என்றோ ‘வந்தாள்’ என்றோ சொல்லியாக வேண்டும். தயக்கமின்றிப் பெண்பாலாக்கிவிடும் மொழிபெயர்ப்பாளர், இலக்கணச் சிக்கலைத் தீர்ப்பதாக எண்ணி ஒரு வரலாற்றையே மறைத்துவிடுகிறார்.

‘ஆண்பால் வெறும் மரபு’ என்பர் சிலர். ‘காதலர் இறைவனே’ என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மை அல்ல. மீர் தகீ மீர் (1723–1810) பாடல்களில் இளைஞரின் அழகு வெளிப்படையாகவே பேசப்படுகிறது. அவற்றையெல்லாம் தத்துவமாக்குவது கவிஞருக்குச் செய்யும் நீதியாகாது.

தில்லி நிஜாமுத்தீன் தர்காவில் குருவின் அருகிலேயே துயில்கிறார் அமீர் குஸ்ரோ (1253–1325). அவர் பெயரால் வழங்கும் இந்தவிப் பாடல்களில் குருவே தலைவன், கவிஞர் தலைவி. பராங்குச நாயகியாக நின்று உருகிய நம்மாழ்வாரை அறிந்த நமக்கு இது புதிதன்று. இதைக் கொண்டு குஸ்ரோவுக்கு இக்காலப் பெயர் எதையும் சூட்டுதல் பொருந்தாது. ஆயினும், ஆடவர் ஆடவர்மீது கொள்ளும் பேரன்பின் மொழி அன்று சமய வாழ்வுக்குப் புறம்பாக இருக்கவில்லை என்பது தெளிவு.

பின் நாணம் எங்கிருந்து வந்தது? 1860இல் ஆங்கில ஆட்சி இயற்றிய தண்டனைச் சட்டம் இவ்வுறவைக் குற்றமாக்கியது. 1893இல் மௌலானா ஹாலி தம் திறனாய்வு நூலில், கஜலின் இம்மரபு திருந்தவேண்டும் என்றார். அவ்வழியே சென்ற திறனாய்வாளர்க்கு 1936இல் மறுமொழி தந்து கஜலுக்காக வாதாடினார் ஃபிராக் கோரக்பூரி.

2000ஆம் ஆண்டில் ரூத் வனிதாவும் தில்லி ராம்ஜஸ் கல்லூரியின் முன்னாள் வரலாற்றாசிரியர் சலீம் கித்வாயும் இத்தகைய எழுத்துகளைப் பல மொழிகளிலிருந்து திரட்டி ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பு வெளியிட்டனர். பல நூற்றாண்டுகளை ஒரே தலைப்பின்கீழ் அடுக்கும்போது நட்பும் பக்தியும் காமமும் ஒன்றென மயங்கும் குறை அதில் நேர வாய்ப்புண்டு. எனினும், ‘இது மேனாட்டுச் சரக்கு’ என்ற கூற்றை அத்தொகுப்பு சான்றுகளால் தகர்த்தது. தன் இயல்பை மறைக்காமல் முஸ்லிமாகவும் லக்னோவின் மைந்தராகவும் வாழ்ந்து 2021இல் மறைந்த கித்வாய், நூலால் மட்டுமன்றி வாழ்வாலும் அதற்கு விடையளித்தார்.

மார்க்க அறிஞர் பெரும்பாலோர் இவ்வுறவை விலக்கப்பட்டதென்றே கொள்வர். அத்தீர்ப்பைக் கவிதை மாற்றிவிடாது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் குற்றமென்னும் கறையை நீக்கியது. வீட்டின் கதவைத் திறக்கும் ஆற்றல் அதற்கும் இல்லை. ‘நீ எங்கள் மரபினன் அல்லன்’ என்று ஓர் இளைஞனிடம் சொல்லப்படும்போது, ‘அம்மரபிலேயே எனக்கு மூதாதையர் உண்டு’ என்று விடைசொல்ல அவனுக்குச் சான்று தருவதே இலக்கியத்தால் இயலும்.

மொழியாலும் ஊராலும் அயலாராய் வந்து இங்கு வேரூன்றியவர்கள் நாம். ‘நீ எங்களவன் அல்லன்’ என்ற சொல்லின் சூட்டை அறிந்த நாம், கஜலைத் தமிழாக்கும்போதேனும் அதன் காதலரை நாடு கடத்தாதிருப்போமாக.