ஈயமும் கோடும்

ஜார்ஜ் ரூவோவைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக ஒரே தகவலில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். 14 வயதில், 1885-ல், பாரிஸில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்யும் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். பழைய தேவாலய ஜன்னல்களைப் பழுது பார்த்தார். ஆகவே அவர் ஓவியங்களில் கனத்த கறுப்புக் கோடு, கோடுகளுக்குள் சிவப்பும் நீலமும். வாழ்க்கைக் குறிப்பே விமர்சனம் ஆகிவிட்டது. இந்தச் சௌகரியமான சமன்பாட்டைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

ஜன்னலில் அந்தக் கறுப்புக் கோடு ஈயப் பட்டை. கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து நிறுத்த வேண்டிய நிர்ப்பந்தத்தால் வந்தது. இடைக்கால வினைஞன் அதை ஒளிக்க முடியாது. எனவே முகத்தின் விளிம்பிலும் அங்கியின் மடிப்பிலும் அதைச் செலுத்தினான். நிர்ப்பந்தம் உருவமாயிற்று. மொஸைக்கிலும் இதே கதைதான். ராவென்னாவில் 547-ல் அர்ச்சிக்கப்பட்ட ஸான் விட்டாலே ஆலயத்தின் பொன் சில்லுகள் ஒரே மட்டமாக இல்லை. சற்றே சாய்த்துப் பதித்திருப்பதால், பார்ப்பவன் நகர நகர ஒளி விட்டுவிட்டு மின்னுகிறது. அங்கே சில்லு சில்லாக இருப்பதற்கு ஒரு வேலை இருக்கிறது.

கான்வாஸில் தைல வண்ணம் தீட்டுகிறவனுக்கு ஈயமும் வேண்டாம், சில்லும் வேண்டாம். தேவை போன பிறகு தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன கிடைக்கும்? கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை கிடைக்கும். கட்டம் கட்டமாகப் பிரித்து, கறுப்பில் எல்லை கட்டி, மேலே கொஞ்சம் புராதனத்தைப் பூசிவிடுவது. கிறிஸ்தவக் கலை என்ற பெயரில் செய்யப்படுவதில் பெரும்பகுதி இதுதான். பக்தி அதில் உண்மையாகவே இருக்கலாம். உருவத்துக்கு அது ஜாமீன் நிற்காது.

ரூவோ இந்தக் கண்ணியில் விழுந்தாரா? 'மிஸெரேரே'யைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 1912-ல் தந்தையின் மரணத்தை ஒட்டித் தொடங்கி, யுத்தத்தில் விரிந்து, 1922-லிருந்து 1927-க்குள் அச்சாகி, 1948-ல்தான் வெளிவந்த 58 செதுக்கோவியங்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. ஜன்னலின் சாயல்தான் இவர் பலம் என்றால் நிறத்தை எடுத்ததும் படம் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. கிறிஸ்துவின் கவிழ்ந்த தலையைச் சுற்றி வரும் அதே கோடு கோமாளியின் முகத்தையும் அரசனின் முகத்தையும் சுற்றி வருகிறது. மூவரையும் ஒரே பாரத்தின் கீழ் கொண்டுவருகிறது. ஈயம் செய்த வேலைக்கு நிகரான ஒரு வேலையை அந்தக் கோடு தனக்குத் தேடிக்கொண்டுவிட்டது.

இன்னொன்று. ஜன்னலுக்குப் பின்னால் சூரியன் இருக்கிறது. கான்வாஸுக்குப் பின்னால் இருப்பது சுவர். 'கிழ அரசன்' ஓவியத்தை ரூவோ 1916-ல் தொடங்கி 1936-ல் முடித்தார். வண்ணத்தின் மேல் வண்ணமாக அப்பி, பின்னாலிருந்து வராத ஒளியை உள்ளிருந்து வரவழைக்கும் முயற்சி. வரும் என்ற உத்தரவாதம் இல்லை. இனித் தன்னால் முடிக்க இயலாது என்று கருதிய 315 படங்களை 1948-ல் அவரே எரித்தார். ஜன்னல் பாணியைக் கடன் வாங்குகிறவர் யாரும் தம் படத்தை எரித்துவிட மாட்டார்.

ஆல்ப்ஸ் மலையில் அஸ்ஸியில் 1950-ல் அர்ச்சிக்கப்பட்ட ஆலயத்தில் ரூவோவின் ஓவியங்கள் வேறு கைகளால் நிஜமான ஜன்னல்களாயின. முகப்பில் இருப்பது ஃபெர்னான் லெஜேயின் மொஸைக். லெஜே 1945-ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். புகைப்படங்களில் மட்டுமே பார்த்தவன் என்ற வரம்புக்குள் சொல்கிறேன்: விசுவாசியின் ஜன்னல்களைவிட கம்யூனிஸ்டின் சுவரே அங்கு தன் சாதனத்தில் நன்றாக ஊன்றி நிற்கிறது. லெஜே சுவருக்கென்றே பெரிய, தட்டையான நிறங்களில் யோசித்தார். ரூவோவின் கோடோ அங்கே மறுபடி ஈயமாகிவிட்டது. அவர் இருபது வருஷம் போராடிப் பெற்றதைச் சூரியன் தினமும் காலையில் சும்மா கொடுத்துவிடுகிறது. ஜன்னல்கள் அழகாகவே இருக்கின்றன, போராட்டத்தைக் காணோம்.

வரியை உடைத்துக் கவிதை எழுதுகிற நமக்கு இதில் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த உடைப்பு எதைப் பிடித்து நிறுத்துகிறது? பதில் இல்லையென்றால், நாமும் வாழ்த்து அட்டைதான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.