தட்டில் வராத சங்கீதங்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் மணி பன்னிரண்டைத் தாண்டியதும் சேலம், நாமக்கல் பக்கத்துச் சபைகள் பலவற்றில் வாக்குத்தத்த அட்டைகள் தட்டில் வரும். ஜெபித்துவிட்டு ஆளுக்கு ஒன்றாக எடுப்பார்கள். உள்ளங்கையளவு அட்டை, மேலே அருவியோ ரோஜாவோ, கீழே ஒரு வசனம். அடிக்கடி அது சங்கீத வசனமாகவே இருக்கும். வருடம் முழுக்க வேதாகமத்துக்குள்ளோ மணிபர்சிலோ லாரியின் டேஷ்போர்டிலோ அது கூடவே இருக்கும்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் இருந்து வடமாநிலங்களுக்கு லோடு ஏற்றிப் போகும் ஓட்டுநர் வீடு திரும்பப் பல நாளாகும். அவர் கிளம்பும்போது 121ஆம் சங்கீதத்தை வாசித்து ஜெபிக்கும் குடும்பத்துக்கு, அவருடைய வழியைக் கண்ணயராமல் ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்ற நம்பிக்கை பெரிய பலம். ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருக்கும்போது நீண்ட பிரசங்கம் எதுவும் நினைவுக்கு வராது. மனப்பாடமான ஒரு வரி வரும்.

வரியைச் சங்கீதத்திலிருந்து பிய்த்தெடுப்பதில்தான் கோளாறு. தேவதூதர்களின் காவலைச் சொல்லும் 91ஆம் சங்கீதப் பகுதி அட்டைகளில் நிறையவே வரும். மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் அதே பகுதியை எடுத்துச் சொல்லி, தேவாலயத்து உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னவன் சாத்தான். அவன் வசனத்தை மறுக்கவில்லை, அதைக் காப்பீட்டுப் பத்திரமாக்கினான். இயேசு குதிக்க மறுத்தார்.

கொள்ளைநோய் அண்டாது என்ற உறுதியும் அதே சங்கீதத்தில் உண்டு. கொல்லிமலையில் மருத்துவமும் விவசாயமும் கல்வியுமாக உழைத்த மிஷனரி ஜெஸ்ஸி பிராண்ட், 1929இல் மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். தொழுநோய் அறுவை மருத்துவர் பால் பிராண்டின் தகப்பனார் அவர். மனைவி ஈவ்லின் துக்கத்தோடு ஊழியத்துக்குத் திரும்பினார். முதுமையிலும் மலைமலையாக ஏறி இறங்கி, 1974இல் 95 வயதில் காலமானார். அட்டைக் கணக்கில் பார்த்தால் இந்தக் குடும்பத்துக்கு வாக்குத்தத்தம் பலிக்கவில்லை. இன்றும் சில துக்க வீடுகளில், “விசுவாசத்துல எங்கயோ குறை இருந்திருக்கும்” என்று உறவுக்காரர்கள் பேசுவது இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் விழக்கூடாத பேச்சு அது.

சங்கீதங்கள் 150இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 13ஆம் சங்கீதம், இன்னும் எத்தனை காலம் என்று தேவனிடமே நான்கு முறை கேட்கிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. சிலுவையில் இயேசு கதறியது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியை. தேவனிடம் முறையிடுவதும் ஜெபம்தான் என்று வேதமே இடம் கொடுத்திருக்கும்போது, அட்டை அச்சிடுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். அழுகிறவர்களுக்குச் சபையில் சொல் இல்லாமல் போய்விடுகிறது.

அட்டையை நிறுத்த வேண்டியதில்லை. வசனத்தோடு, முழுச் சங்கீதத்தையும் வீட்டில் வாசிக்கும்படி ஒரு குறிப்பு சேர்க்கலாம். புது வருடத்தன்று 88 கையில் வந்தால் மனம் உடைந்துபோகும் என்பார்கள், நியாயம்தான். அதைத் தட்டில் வைக்க வேண்டாம். அந்த வருடம் துக்கம் கண்ட குடும்பங்களை நினைத்து, பன்னிரண்டு மணிக்கு முன்னால் ஆயரும் சபையும் அதை மாறி மாறி வாசிக்கட்டும். அட்டைத் தட்டு அதற்குப் பிறகு வரட்டும்.