கடல் புறாவும் கண்ணியக் காதலும்

தமிழில் மரக்கலத்தையே களமாகக் கொண்டு எழுந்த காதற்கதைகள் மிகச் சிலவே. தமிழர் கடலோடாதவர் என்பது இதற்குக் காரணமன்று. பழைய இலக்கிய மரபு காதலையும் கப்பலையும் ஒன்றாக வைக்க விரும்பவில்லை. பெண்ணை உடன் அழைத்துக் கடற்செலவு மேற்கொள்ளும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் விதித்தது; அந்நூற்பாவிற்கு வேறு பொருள் காண்பாரும் உளர் என்பது தமிழாசிரியர் அறிந்ததே. எவ்வாறாயினும் சங்கப் பாடல்களில் கலம் ஏறுபவன் தலைவன். கரையில் நின்று கலங்குபவள் தலைவி. கப்பல் பிரிவின் கருவியாகவே இருந்தது. மணிமேகலையில் வரும் சாதுவன் கலம் கவிழ்ந்து நாகர் வாழும் தீவில் ஒதுங்குகிறான். கணவன் இறந்தான் என நம்பிய ஆதிரை காவிரிப்பூம்பட்டினத்தில் தீப்புகத் துணிகிறாள். தீ அவளைச் சுடவில்லை. அவன் மீண்டும் வருகிறான். அன்பின் உறுதிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. ஆயினும் கணவனும் மனைவியும் கப்பலில் ஒரு நாழிகைகூடச் சேர்ந்திருந்ததைக் காப்பியம் காட்டவில்லை.

இந்த மரபை மாற்றித் தலைவியையும் கப்பல் தளத்தில் ஏற்றியவர் சாண்டில்யன் (1910–1987). 'குமுதம்' இதழில் தொடராக வெளிவந்து மூன்று பாகங்களாக நூலுருப் பெற்ற 'கடல் புறா', கருணாகரத் தொண்டைமானாகிய இளையபல்லவனுக்கும் கடாரத்து இளவரசி காஞ்சனாதேவிக்கும் இடையே மலர்ந்த காதலைச் சொல்கிறது. கலிங்கத்துப் பாலூரில் தொடங்கும் கதை ஸ்ரீவிஜயக் கடற்பரப்பு வரை நீள்கிறது. நூலின் பெயரே கப்பலின் பெயர். அக்கப்பலும் ஒரு கதைமாந்தர் போலவே வளர்கிறது.

இப்புதினம் மலேசியத் தமிழர்க்குத் தனி உரிமையுடையது. கடாரம் என்பது இன்றைய கெடா. மெர்போக் ஆற்றை அடுத்த பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோவில்களின் அடித்தளங்களை மாணாக்கர் இன்றும் காணலாம். சுங்கை பத்துவில் 2009ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைக்களங்களை வெளிப்படுத்தின. 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை, வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்குத் தொலைவிலிருந்தே கரை காட்டியது. பாடநூலில் ஒரு வரியாகக் கிடந்த இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு, இந்நாட்டு மாணவன் உள்ளத்தில் உயிர்பெறுவதற்கு இத்தகைய கதை பெருந்துணை புரியும். பாடத்திற்கு அப்பால் தமிழ் படிக்கத் தயங்கும் மாணவனையும் மூன்று பாகங்கள் படிக்க வைக்கும் ஆற்றல் எளிதில் கிடைப்பதன்று.

ஆயினும் கதையை வரலாறு என மயங்குதல் கூடாது. செயங்கொண்டாரின் பரணி கருணாகரனைக் கலிங்கப் போர் வென்ற படைத்தலைவனாகப் போற்றுகிறது. கடற்படைத் தலைவனாகக் காட்டவில்லை. கடாரத்து இளவரசியை அவன் காதலித்தது ஆசிரியரின் கற்பனை. குலோத்துங்கன் காலத்தில் சோழர்க்கும் கடாரத்திற்கும் நல்லுறவு நிலவியதை 1090ஆம் ஆண்டைச் சார்ந்த சிறிய லெய்டன் செப்பேடு சொல்லும். கடாரத்து அரசனின் தூதர் வந்து வேண்டியதை அதில் காண்கிறோம். அந்த உறவுக்குள் ஒரு காதலைப் பொருத்தியது நாவலாசிரியரின் உரிமை. அதில் குறை காண வேண்டியதில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. கப்பல் என்பது ஒதுங்க இடமில்லாத உலகம். காதலர் சினந்தாலும் அதே தளத்தில்தான் நடக்க வேண்டும். மாலுமிகளின் கண்கள் எப்போதும் உண்டு. தலைவனுக்கோ நூறு உயிர்களின் பொறுப்பு உண்டு. அடக்கத்தை அறநூல் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை, இடமே கற்பிக்கும். கடமை குறுக்கிட்டுப் பேச்சு பாதியில் நிற்கும் இடங்களில் சாண்டில்யனின் எழுத்து உண்மையாகவே உயர்கிறது. ஆனால் அவர் அவ்வுயரத்தில் நிற்பதில்லை. காஞ்சனாதேவி வரும்போதெல்லாம் அவளுடைய அங்கங்களை வரிசையாக வருணிக்கத் தொடங்கிவிடுகிறார். வாளேந்தத் தெரிந்த ஓர் இளவரசி, அவ்வருணனைகளில் பார்வைக்கு வைத்த பதுமையாகிவிடுகிறாள். மஞ்சளழகிக்கும் அதே கதி. இவ்வருணனைகளை நீக்கினாலும் கதைக்கு எந்த இழப்பும் நேராது என்பதே அவை மிகை என்பதற்குச் சான்று. வகுப்பில் மாணவியர் முன்னிலையில் உரக்கப் படிக்க இயலாத பகுதிகள் நூலில் உண்டு என்பதைச் சாண்டில்யனின் அன்பர்களும் மறுப்பதற்கில்லை.

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். கோடிக்கரைப் பூங்குழலி படகு தள்ளுபவள். அவள் தோற்றத்தையும் கல்கி வருணிக்கிறார். ஆனால் படிப்பவர் நெஞ்சில் நிற்பது அவள் கையிலுள்ள துடுப்பு. சுழற்காற்றில் கப்பல் அழிய, மிதக்கும் பாய்மரத்தைப் பற்றிக் கிடந்த அருள்மொழிவர்மனையும் வந்தியத்தேவனையும் அவள்தான் மீட்கிறாள். அவள் நேசித்த இளவரசன் குளிர்காய்ச்சலில் நினைவின்றிக் கிடக்கிறான். அவனை நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்குக் கால்வாய் வழியே படகில் கொண்டு செல்கிறாள். உடன் சேந்தன் அமுதனும் இருக்கிறான். ஒருத்தியின் காதலும் அவளைக் காதலிப்பவனின் மௌனமும் ஒரே படகில்! அவ்விகாரம் கடாரத்து அரசர் எடுப்பித்தது என்பதை ஆசிரியர்கள் இவ்விடத்தில் மாணாக்கர்க்கு நினைவூட்டலாம். தொடுதலும் தழுவலும் இன்றியே காதலின் முழுச் சுமையும் இங்குத் தெரிகிறது. கல்கியிடம் மிகைநாடகம் உண்டு. தற்செயல் நிகழ்ச்சிகளும் அளவுக்கு மேல் உண்டு. ஆனால் பெண்ணைத் தாழ்த்தும் எழுத்து இல்லை.

இவ்வாறு கூறுவதால் 'கடல் புறா'வைப் பள்ளி நூலகத்திலிருந்து அகற்ற வேண்டும் என்பது பொருளன்று. அகற்றினால் மாணவன் அதனை ஒளித்துப் படிப்பான். ஒளித்துப் படிக்கும்போது விலக்க வேண்டிய பக்கங்களையே முதலில் தேடுவான். கப்பல் உருவாகும் பகுதிகளையும் கடற்போர்களையும் ஆசிரியர் வகுப்பிற் படித்துக் காட்டலாம். காஞ்சனாதேவி வரும் ஓர் இயலையும் பூங்குழலி துடுப்பிடும் ஓர் இயலையும் உயர்நிலை மாணாக்கரிடம் தந்து, இவ்விருவருள் யார் தம் சொல்லாலும் செயலாலும் அறியப்படுகிறார், யார் பிறர் பார்வையால் மட்டும் அறியப்படுகிறார் என்று எழுதச் சொல்லலாம். மாணவியர் எழுதும் விடைகளை முதலில் படிப்பது நன்று.